காந்தம் ஒட்டாத கதவு

என் மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

2022 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஃப்ரிஜ் கதவில் ஒட்டியிருந்த காந்த பொம்மைகளை - பல்லி, மாம்பழம், தஞ்சாவூர் பொம்மை - எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போய், போர்ட்டிகோவில் நின்ற எங்கள் மாருதி 800 மேல் ஒட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு கூச்சல்.

"அப்பா! இந்தக் கதவு இரும்பே இல்லப்பா! பல்லி நிக்க மாட்டேங்குது!"

இடது பக்கப் பின் கதவு. மேலே வைத்தால் பல்லி சமர்த்தாக ஒட்டிக்கொண்டது. ஒரு சாண் கீழே இறக்கினால், தொப்!

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. காரணம், அந்த இடத்தில் காந்தம் ஏன் நிற்காது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். இன்னொருவர், 1999-ல் அந்தக் கதவுக்கு 'வைத்தியம்' பார்த்த ரோட்டோர ஆசாமி. அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ!

வராந்தாவில் ஈஸிசேரில் அப்பா. பேப்பரில் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்லப்பா. காந்தம் பழசு."

கல்யாணமாகி, ஒரு குழந்தைக்குத் தகப்பனாகி, ஆபீஸில் பத்துப் பேரை மேய்க்கிற 42 வயது மனிதன், 78 வயது அப்பாவிடம் சொன்ன பொய் அது.

1997 ஏப்ரலில், பி.எஃப். கடன் போட்டு அப்பா வாங்கிய கார். வெள்ளை நிறம். 1983 டிசம்பரில் இந்திரா காந்தி கையால் முதல் சாவி கொடுக்கப்பட்டு, நடுத்தரக் குடும்பங்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கி உட்கார வைத்த வண்டி. 2014 ஜனவரியில் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் அது ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா ஸ்டியரிங்கைத் தொடுவதை நிறுத்தி ஏழெட்டு வருடம் ஆகிறது. இப்போது அவர் சீட், இடது பக்கப் பின் சீட். அதாவது, சாட்சாத் அந்தக் கதவுதான் அவர் ஏறி இறங்கும் கதவு.

அந்த ஏப்ரலில் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். சொந்தக் கார்களுக்குப் பதிவு 15 வருடம்தான் செல்லும். அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாக நீட்டிப்பு வாங்க வேண்டும். பசுமை வரி கட்டி, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்டி... எங்களுக்கு அது மூன்றாவது தடவை.

"ஏங்க, பேசாம வித்துடலாமே. காயலான் கடைக்காரன்கூட எடை போட்டுத்தான் வாங்குவான்" என்றாள் மனைவி.

பேப்பர் பின்னாலிருந்து அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பக்கத்தையும் திருப்பவில்லை. அது போதும் எனக்கு.

"நானே சரி பண்றேன்" என்று சொல்லிவிட்டேன். வெளியில் கொடுத்தால் கதவை உரிப்பார்கள். உரித்தால் உள்ளே இருக்கும் ரகசியம் வெளியே வரும். அந்தப் பயம்தான் என்னைப் பெயின்ட்டர் ஆக்கியது!

கொப்புளம் சொல்லும் சேதி

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். கதவின் அடிவிளிம்பில் நாலைந்து கொப்புளங்கள். பெயின்ட் உப்பி, அம்மை போட்ட மாதிரி. கட்டை விரலால் அழுத்தினேன். 'மொறுக்' என்று உடைந்து, உள்ளேயிருந்து காபிப் பொடி மாதிரி கொட்டியது. துரு.

இரும்பு, தண்ணீர், காற்றில் உள்ள ஆக்ஸிஜன் மூன்றும் சந்தித்தால் துரு. இதில் தண்ணீரோ ஆக்ஸிஜனோ வராவிட்டால் விசேஷம் நடக்காது. உப்பு என்பவர் கல்யாணத் தரகர் மாதிரி. வந்துவிட்டால் காரியம் மடமடவென்று முடியும். எங்கள் வீடு திருவான்மியூரில். மாலையானால் கடல்காற்று இலவசம். கூடவே உப்பும் இலவசம். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காமல் இருக்க விசேஷப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா?

துருவுக்கு இன்னொரு குணம் உண்டு. இரும்பு எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததோ, அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வாடகைக்கு வந்து வீட்டையே எழுதிக் கேட்கிற ஆசாமி மாதிரி. அதனால்தான் மேலே இருக்கும் பெயின்ட்டைத் தூக்குகிறது. கொப்புளம் தெரிகிறது என்றால், துரு உள்ளே குடும்பம் நடத்த ஆரம்பித்து ரொம்ப நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம். நாம் வெளியில் பார்ப்பது கடைசி அத்தியாயம்.

துரு எந்த அளவு என்று பார்க்க வீட்டிலேயே இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, ஸ்க்ரூடிரைவர் முனையால் மெல்லக் குத்திப் பார்ப்பது. தகடு தாங்கினால் மேலோட்டமான துரு. உள்ளே போனால் தகடே போச்சு. இரண்டாவது, காந்தம். ஒரு சின்னத் துணியில் சுற்றி (பெயின்ட் கீறாமல் இருக்க) ஓட்டிப் பார்த்தால், தகட்டின் மேல் கனமாகப் பட்டி அப்பியிருக்கும் இடத்தில் பிடிப்பு விட்டுப்போகும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பாக்கெட்டில் ஒரு காந்தம் வைத்துக்கொண்டு போகலாம். விற்கிறவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

என் முகம் ஏற்கெனவே மாறியிருந்தது.

1999

எனக்கு 19 வயது. லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம். அப்பா ஆபீஸ் வேலையாக மதுரைக்கு கேம்ப் போயிருந்தார். சாவி, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில். சாமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தேன். நண்பர்களோடு மகாபலிபுரம் வரை ஜாலியாகப் போய், ஜாக்கிரதையாகத் திரும்பி, சொந்த வீட்டு கேட்டுக்குள் நுழையும்போது... கர்ர்ரக்! இடது பக்கப் பின் கதவு, கேட் தூணை ஆசையாக உரசிவிட்டது. கையகலத்துக்கு ஒடுக்கு.

அப்பா வெள்ளிக்கிழமை காலை வருகிறார். அன்று புதன்.

வியாழக்கிழமை ஒரு ரோட்டோர ஆசாமியைப் பிடித்தேன். 350 ரூபாய். அரை நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். முடித்தும் கொடுத்தார். எப்படி? ஒடுக்கை எடுக்கவில்லை. தகட்டைச் சுத்தம் செய்யவில்லை. ப்ரைமர் என்ற வார்த்தையே அவர் அகராதியில் இல்லை. பள்ளத்தில் பட்டியைக் கொத்தனார் மாதிரி அப்பி, தேய்த்து, மேலே வெள்ளை அடித்தார். கண்ணுக்கு நேராக இருந்தது. அதுதானே வேண்டும்!

வெள்ளிக்கிழமை அப்பா வந்தார். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். ஒன்றும் சொல்லவில்லை. 'ஜெயிச்சுட்டோம்டா' என்று இருந்தது.

அன்றைக்கு மறைத்தது 23 வருடம் உள்ளேயே வேலை பார்த்திருக்கிறது. பட்டி கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. அதன் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் விட்டால் போதும், மழைத் தண்ணீர் உள்ளே போகும். போனது சுலபத்தில் வெளியே வராது. டீயில் விழுந்த பிஸ்கட் கதைதான்.

தோண்டல் படலம்

முதல் வேலை, கழுவுதல். சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும். அப்புறம் தேய்க்கப் போகும் இடத்தைச் சுற்றி மாஸ்க்கிங் டேப்பும் பேப்பரும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, மூக்குக்கு மாஸ்க். கொரோனா புண்ணியத்தில் வீட்டில் என்-95 மாஸ்க் ஒரு மூட்டை இருந்தது.

80-ம் நம்பர் எமரி பேப்பரும், கம்பி பிரஷ்ஷும் கொண்டு ஆரம்பித்தேன். பெயின்ட்டைத் தாண்டி, பட்டியைத் தாண்டி, தகடு வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளிச்சென்று தெரிய வேண்டும். துரு எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்தக் கூடாது. அதைத் தாண்டி இரண்டு விரற்கடை நல்ல தகடு தெரியும் வரை போக வேண்டும். ஏனென்றால் துரு பெயின்ட்டுக்கு அடியில் ஊர்ந்து போகிற ஜாதி. ஓரத்தில் ஒரு பொட்டு விட்டால், ஆறே மாதத்தில் அங்கிருந்து மறுபடி கிளம்பும்.

கையகலம் என்று ஆரம்பித்தது, முறம் அளவுக்கு விரிந்தது. கட்டி கட்டியாகப் பட்டி உதிர்ந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அப்பா தினமும் வாக்கிங் முடித்து வரும்போது இரண்டு நிமிடம் நின்று பார்ப்பார். கீழே கிடக்கும் பட்டித் துண்டைச் செருப்பு நுனியால் லேசாகத் தள்ளுவார். போய்விடுவார்.

இந்தச் சமயத்தில் ஆலோசனைகளுக்குப் பஞ்சமில்லை. "புளி போட்டுத் தேய்டா, பித்தளை குத்துவிளக்கே பளபளன்னு ஆயிடுது" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுக்காரர், "கோலா ஊத்துங்க சார், துரு கரைஞ்சிடும்" என்றார். இரண்டுமே முழுப் பொய் இல்லை. புளியில் அமிலம் உண்டு; கோலாவில் கொஞ்சமாக பாஸ்பாரிக் அமிலம் உண்டு. ஆனால் கார் கதவுக்கு அது போதாது. கூடவே சர்க்கரைப் பிசுக்கும் உண்டு. துரு போவதற்குள் தெருவில் இருக்கிற எறும்பெல்லாம் கார் பார்க்க வந்துவிடும்.

கதவின் உள்பக்க அட்டையையும் கழற்றினேன். இதைப் பலர் செய்வதில்லை, செய்ய வேண்டும். மழை பெய்யும்போது ஜன்னல் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுவதற்காகவே கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். என் கதவில் அந்த ஓட்டைகளை மண்ணும் வேப்பஞ்சருகும் அடைத்திருந்தன. ஒரு கம்பியை விட்டுக் குத்தினேன். கறுப்பாக அரை டம்ளர் தண்ணீர் சொட்டியது. எத்தனை நாள் மழையோ! ஒருபக்கம் வெளியே பட்டி, இன்னொரு பக்கம் உள்ளே குளம். நடுவில் பாவம், தகடு.

பிறகு ஸ்க்ரூடிரைவர் சோதனை. குத்தினேன். ஒரு இடத்தில் நேராக உள்ளே போய்விட்டது. பழைய பத்துப் பைசா அளவுக்கு ஓட்டை!

டிங்கர் கேட்ட கேள்வி

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மேலோட்டத் துரு என்றால் வீட்டில் பார்க்கலாம். ஓட்டை விழுந்துவிட்டால் பட்டியை அடைத்து மூடுவது மோசடி. தகடு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். அதிலும் கதவு, பானெட் என்றால் பரவாயில்லை. வண்டியின் அடிச்சட்டம், கதவுக்குக் கீழே ஓடும் ஃபுட்போர்டுப் பகுதி, சஸ்பென்ஷன் பிடிக்கிற இடம் இதெல்லாம் துருப்பிடித்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பெயின்ட்டர்களான நாம் தொடவே கூடாது. அது அழகு சமாசாரம் இல்லை, உயிர் சமாசாரம்.

எனவே, எந்தப் பயத்தால் நானே வேலையில் இறங்கினேனோ, அதையே செய்ய வேண்டியதாயிற்று. வண்டியை எடுத்துக்கொண்டு டிங்கரிடம் போனேன். அவர் குனிந்து பார்த்தார். ஓரத்தில் மிச்சமிருந்த பட்டியை நகத்தால் சுரண்டினார்.

"யார் சார் இது பட்டி வெச்சது? கல்யாண வீட்ல சந்தனம் பூசற மாதிரி அப்பியிருக்கான்?"

"யாரோ... பழைய ஓனரா இருக்கும்."

"நீங்க எத்தனாவது ஓனர் சார்?"

"முதல்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. உழைப்பாளிகள் நாகரிகமானவர்கள். செத்த தகட்டை வெட்டி, புதுத் தகடு வைத்து, வெல்டிங் பண்ணி, கிரைண்டரால் தேய்த்து, ஒடுக்கையும் உள்ளிருந்து தட்டி எடுத்துக் கொடுத்தார். 800 ரூபாய். 1999-லேயே அந்த ஒடுக்கை இப்படித் தட்டி எடுத்திருந்தால் கதவு பிழைத்திருக்கும்.

தில்லித் தூணும் நம் கதவும்

இனி வீட்டு வேலை. கம்பி பிரஷ்ஷால் எவ்வளவு தேய்த்தாலும், குழிகளில் பொட்டுப் பொட்டாகக் கொஞ்சம் துரு ஒளிந்திருக்கும். அதற்கு 'ரஸ்ட் கன்வர்ட்டர்' என்று ஒரு திரவம் விற்கிறது. இப்படிப்பட்டவற்றில் பல பாஸ்பாரிக் அமிலம் கலந்தவை. துருவை இரும்பு பாஸ்பேட் என்ற கெட்டியான, கறுத்த படலமாக மாற்றிவிடும். பிரஷ்ஷால் தடவி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை விட்டு, அதில் சொன்னபடியே துடைத்துக் காயவைக்க வேண்டும்.

இந்த பாஸ்பேட் சமாசாரம் நமக்குப் புதிதில்லை. தில்லி குதுப்மினார் வளாகத்தில் நிற்கிற இரும்புத் தூண், குப்தர் காலத்தது. சுமார் 1600 வருட வெயிலும் மழையும் பார்த்துவிட்டது. துருப்பிடித்துக் கொட்டிப்போகவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி-யின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் அதை ஆராய்ந்து சொன்ன காரணம்: அந்தக் கால இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் தூணின் மேல் மெல்லிய பாஸ்பேட் படலம் ஒன்று உருவாகிக் காப்பாற்றுகிறது. குப்தர் காலத்துக் கொல்லருக்குத் தானாக அமைந்ததை, நாம் டப்பாவில் வாங்கித் தடவுகிறோம்.

காய்ந்ததும் முதலில் ப்ரைமர். எபாக்ஸி ப்ரைமர் என்றால் உசிதம். தகட்டுக்கும் ஈரத்துக்கும் நடுவே அதுதான் காவல்காரன். அதன் பிறகுதான் பட்டி.

பட்டி கலக்குவதும் ஒரு கலை. பட்டியோடு ஹார்டனர் சேர்க்க வேண்டும். 100 கிராமுக்கு ஏறக்குறைய 2 கிராம். நல்லதுதானே என்று நான் தாராளமாகப் பிதுக்கினேன். கதவுக்குப் போவதற்குள் அம்மாவின் பழைய எவர்சில்வர் தட்டிலேயே கல்லாகிவிட்டது. அந்தத் தட்டு இன்று மாடியில் காக்காய்க்குச் சோறு வைக்கும் பீடமாக இருக்கிறது. இரண்டாம் தடவை அளவாகக் கலந்து, தோசை மாவை ரவா தோசைக்கு ஊற்றுகிற மாதிரி மெல்லிசாக இழுத்தேன். பட்டி என்பது கீறலை நிரப்பத்தான். குழியை மூட அல்ல.

தேய்க்கும்போது வெறும் விரலால் பேப்பரைப் பிடித்தால் விரல் தடம் விழுந்து அலை அலையாக வரும். பெயின்ட்டர்கள் கையாளும் உபாயம், பழைய ஹவாய் செருப்பு! ஒரு துண்டு வெட்டி, அதன் மேல் பேப்பரைச் சுற்றித் தேய்த்தால் சமமாக வரும். 120, 220 என்று படிப்படியாக ஏறி, மேலே இன்னும் இரண்டு கோட் ப்ரைமர் அடித்து, 400-ம் நம்பர் வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கண் ஏமாறும். கை ஏமாறாது.

மஞ்சப்பையில் ஒரு மூடி

வெள்ளை பெயின்ட்தானே, எந்தக் கடையிலும் கிடைக்கும் என்று நினைத்தேன். பெயின்ட் கடைக்காரர்களின் உலகத்தில் வெள்ளையில் மட்டும் ஒரு கூட்டுக் குடும்பமே இருக்கிறது. போதாததற்கு, 25 வருட வெயிலில் எங்கள் வெள்ளை, பழைய வேட்டி மாதிரி லேசாகப் பழுப்பேறியிருந்தது. கம்பெனி கலர் நம்பரைச் சொல்லி வாங்கினால் புது பெயின்ட், பழைய வண்டியில் பல்செட் மாதிரி தனித்துத் தெரியும்.

வழி இதுதான்: காரின் பெட்ரோல் மூடிக் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனால், கடையில் அதைப் பார்த்து நிறம் கலந்து, ஸ்ப்ரே டப்பாவிலேயே அடைத்துத் தருவார்கள். மஞ்சப்பையில் மூடியைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் ஜி.பி. ரோடு போனேன். பக்கத்து சீட் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி அது?"

"கார் மூடிங்க."

"கார்?"

"வீட்ல இருக்குங்க."

அதன் பிறகு அவர் ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

ஸ்ப்ரே செய்வதற்கு நேரம் காலம் உண்டு. காற்று அடிக்கக் கூடாது. மழை மூட்டம் கூடாது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், பெயின்ட்டிலிருக்கும் தின்னர் ஆவியாகும்போது பரப்பு சில்லிட்டு, அதன் மேல் ஈரம் படிந்து பளபளப்பு செத்துவிடும். கடற்கரை ஊரில் விடிகாலையை விட, வெயில் ஏறிப் பனி ஈரம் உலர்ந்த ஒன்பது, பத்து மணி உத்தமம். திறந்த இடமாக இருக்க வேண்டும். பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ கூடவே கூடாது. என்-95 தூசியைத்தான் தடுக்கும், பெயின்ட் புகையைத் தடுக்காது. அதற்குக் கரி ஃபில்டர் வைத்த மாஸ்க் வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் அடிக்கும், ஹார்டனர் கலந்த 'டூ கே' பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. நுரையீரலுக்கு ஆகாது. அதை வீட்டில் முயல வேண்டாம்.

டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, 20, 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். முதல் கோட் அடித்ததும் 'என்ன இது, சரியாவே மூடலையே' என்று தோன்றும். தோன்றட்டும். பத்து, பதினைந்து நிமிடம் காயவிட்டு அடுத்தது. இப்படி மெல்லிசாக நாலைந்து கோட்.

நான்? இரண்டாவது கோட்டிலேயே அவசரப்பட்டு ஒரே இடத்தில் பீய்ச்சினேன். கதவு கண்ணீர் விட்டது. இரண்டு சொட்டு, கீழ்நோக்கி. அதே நேரம் பார்த்து ஒரு கொசு வந்து ஈரத்தில் உட்கார்ந்து அமரத்துவம் அடைந்தது. ஈரமாக இருக்கும்போது தொட்டால் இன்னும் கெடும். முழுக்கக் காயவிட்டு, சொட்டையும் கொசுவையும் சேர்த்துத் தேய்த்துவிட்டு, மறு ஞாயிறு மறுபடி அடித்தேன்.

ஒரு வாரம் விட்டு, 1500, 2000 வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பூப்போலத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டு, கடைசியில் வாக்ஸ். கதவின் உள்பக்க மடிப்புகளில் துருத் தடுப்பு வாக்ஸ் ஸ்ப்ரே. அடி ஓட்டைகளை மட்டும் அடைக்காமல் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் அந்த ஓட்டைகளைக் குத்திவிட்டால் போதும். இரண்டு நிமிட வேலை. ஏப்ரலில் ஆர்.சி-யும் 2027 வரை கிடைத்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் அந்தக் கதவு பார்த்தாயிற்று. கொப்புளம் இல்லை.

பல்லி பரீட்சை

ஆனால், நான் சொல்ல வந்தது வாக்ஸ் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை.

மகள் பல்லியோடு வந்தாள். அதே இடத்தில் வைத்தாள். கையை எடுத்தாள்.

நின்றது.

"அப்பா, இப்ப மட்டும் எப்படிப்பா நிக்குது? அப்ப ஏன் நிக்கலை? காந்தம் பழசுன்னு சொன்னியே?"

வராந்தாவில் பேப்பர் அசையவில்லை.

காந்தம் பழசு என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஒன்பது வயதுக் குழந்தை நம்பிவிடும். ஆனால் ஆறு வாரம் அந்தக் கதவை என் கையால் சுரண்டியிருக்கிறேன். உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தவன் நான். மறுபடி ஒரு கோட் வெள்ளை அடிக்க மனசு வரவில்லை.

"காந்தம் பழசு இல்லடா கண்ணு. அப்பா காலேஜ் படிக்கறப்போ, தாத்தாவுக்குத் தெரியாம காரை எடுத்துட்டுப் போய், நம்ம கேட்ல இடிச்சுட்டேன். தாத்தா திட்டுவாரேன்னு மூடி மறைச்சுட்டேன். அதுதான் துருப்பிடிச்சுப்போச்சு" என்றேன். குழந்தையைப் பார்த்துத்தான் சொன்னேன். கேட்க வேண்டியவர் முதுகுக்குப் பின்னால் இருந்தார்.

பேப்பர் மடிக்கப்படும் சத்தம் கேட்டது.

"அலமாரியில, கீழ்த் தட்டுல, என் நோட்டெல்லாம் இருக்கும். 99 எடுத்துட்டு வா" என்றார் அப்பா.

அப்பா காருக்கென்று வருடத்துக்கு ஒரு நோட்டு போடுவார். எத்தனை லிட்டர் பெட்ரோல், எத்தனை கிலோமீட்டர், எந்த டயருக்குப் பஞ்சர், எல்லாம் அதில் இருக்கும். எடுத்து வந்தேன். பக்கத்தைப் புரட்டி என்னிடம் நீட்டினார். மதுரை கேம்ப்பிலிருந்து திரும்பிய அந்த வெள்ளிக்கிழமை. சின்னச் சின்ன எழுத்தில்:

'கி.மீ. 118 அதிகம். இ.பி. கதவு - பட்டி. காந்தம் நிற்கவில்லை. பையன் சொல்வான்.'

எனக்குப் பேச்சு வரவில்லை.

"ரேடியோ ஸ்பீக்கர்ல இருந்த காந்தம். வெச்சுப் பார்த்தேன்" என்றார். "நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாசம் பார்த்தேன். அப்புறம் நான் கேட்டா நீ சங்கடப்படுவியேன்னு விட்டுட்டேன். அன்னிக்கே கேட்டிருந்தா கதவு பொழைச்சிருக்கும். நானும்தானே மூடி வெச்சேன்."

"அப்பா, அந்தப் பக்கமாத்தானே இத்தனை வருஷமா நீங்க ஏறி இறங்கறீங்க..."

"ஆமா. ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். கொப்புளம் எப்ப வரும்னு."

எழுந்து வந்தார். கண்ணை மூடிக்கொண்டு, கதவின் கீழ்ப் பகுதியை உள்ளங்கையால் மெல்லத் தடவினார். ஓரிடத்தில் கை நின்றது. "இங்க லேசா அலை இருக்கு" என்றார். இருக்கிறதுதான். "பரவாயில்ல."

சாயங்காலம் மனைவி என்னைக் கூப்பிட்டு, மேஜை மேல் திறந்து கிடந்த நோட்டைக் காட்டினாள். 2022. மை இன்னும் முழுதாகக் காயவில்லை.

'இ.பி. கதவு. டிங்கர் 800. பெயின்ட் வகை 2,140. பையன் சொன்னான்.'